வீடு வாயைத் திறந்தால்...

எங்கள் வீட்டு ஹாலில் ரொம்ப நாளாக ஒரு காலண்டர் விசித்திரமான இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலின் மேல் மூலையில்! ஸ்டூல் போட்டு ஏறினால்தான் தேதி கிழிக்கலாம். வருகிறவர்கள் எல்லாம், "என்ன சார், அமாவாசை பார்க்கக்கூட ஏணி வேணும் போலிருக்கே?" என்பார்கள். அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவைப்பேன். காலண்டருக்குப் பின்னால் ஒரு விரிசல் இருக்கிறது என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா?

விரிசல் வளர வளர காலண்டரின் சைஸும் வளர்ந்தது. முதலில் பலசரக்குக் கடையின் டெய்லி ஷீட். அப்புறம் நகைக்கடையின் மாதக் காலண்டர். சிவகாசிக்காரர்கள் அதைவிடப் பெரிசாக அடிப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் வீட்டில் பிரச்னை இருக்கிறது என்பதையே ஒப்புக்கொண்டோம்.

கோவில்பட்டியில் வீடு வைத்திருக்கிற பலருக்கும் இது சொந்தக் கதை மாதிரி இருக்கும். எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர்க்காரர்களுக்கும்தான். எல்லாம் கரிசல் மண் செய்கிற வேலை.

எங்கள் வீடு 1988-ல் அப்பா கட்டியது. ஊருக்கு வெளியே பருத்தி விளைந்த காடு பிளாட் போட்டு விற்கப்பட்டபோது ஐந்து சென்ட் வாங்கினார். அவருடைய பி.எஃப். பணமும் அம்மாவின் வளையல்களும் அஸ்திவாரத்துக்குள் போயின. வரப்பில் பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது. "நிழலுக்கு நிழலாச்சு" என்று அதை ஒட்டியே வீட்டின் வடகிழக்கு மூலையை நிறுத்தினார். அப்பா இப்போது இல்லை. வீடும் மரமும் இருக்கின்றன. அம்மா இருக்கிறாள்.

2022 மழைக்காலத்தில் அந்த விரிசல் கிட்டத்தட்ட மூடிக்கொண்டுவிட்டது. "பாத்தியா, தானாவே குணமாயிருச்சு!" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். 2023 மே மாதம் ஒருநாள் காலண்டரைக் கழற்றிப் பார்த்தால்... சுவருக்கு அந்தப் பக்கம் அடிக்கிற வெயில், கோடு போட்ட மாதிரி உள்ளே தெரிந்தது!

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்த ஜன்னலுக்குக் கீழே விரிக்கிற பாயைச் சுருட்டிக்கொண்டு போய், திண்ணையில் விரித்துக்கொண்டாள்.

அதுதான் எனக்கு உறைத்தது.

நாலு பேர், நாலு யோசனை

முதலில் மேஸ்திரி வந்தார். "அண்ணாச்சி, சிமெண்டுப் பால் ஊத்தி, பட்டி பாத்துட்டா கல்யாண வீடு மாதிரி ஆயிரும்" என்றார். இதே வசனத்தை ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். அவருக்கு எங்கள் விரிசல் வருஷாந்திர போனஸ்.

அடுத்து வாஸ்துக்காரர். "ஈசானிய மூலையில மரம் நிக்கலாமா? உடனே வெட்டுங்க. இந்த விரிசல் வழியாத்தான் லட்சுமி வெளியே போயிட்டிருக்கா" என்றார். என் சம்பளம் காணாமல் போகிற வேகத்துக்கு அந்தச் சின்ன வழி எப்படிப் போதும் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை. அவர் ஃபீஸும் சேர்ந்து போனது.

மூன்றாவது ஒரு காண்ட்ராக்டர். "பாதி வீட்டை இடிச்சுப் பில்லர் போட்டு எழுப்பணும் சார். எட்டு லட்சத்துக்குள்ள முடிச்சுடலாம்." எட்டு லட்சம்! பெண்ணின் படிப்புக்கென்று போட்டுவைத்த டெபாசிட்டை உடைத்தாலும் பாதிக்குத்தான் வரும்.

நாலாவதாக புரோக்கர். "வெடிச்ச வீடு... மண்ணு விலைக்குத்தான் போகும். இப்பவே தள்ளிட்டா உங்களுக்கு நல்லது." சென்னையில் இருக்கிற தம்பி போனில், "வித்துரலாம்ணே" என்றான். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

ஆபீஸில் போய்ப் புலம்பினேன். பக்கத்து ஸீட் நண்பர், "எங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன். பொதுப்பணித் துறையில இன்ஜினீயரா இருந்து ரிட்டயர் ஆனவர்" என்றார்.

தீப்பெட்டி வைத்தியம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் மாமா. கையில் ஒரு டார்ச் லைட், ஒரு தூக்குக்குண்டு, காதில் ஒரு பென்சில். நேரே விரிசலிடம் கூட்டிப்போகப் பார்த்தேன். மனிதர் உள்ளே வரவே இல்லை. கோயில் பிரகாரம் மாதிரி வீட்டைச் சுற்றி இரண்டு தடவை வந்தார்.

"காபி ஆறுது சார்..."

"ஆறட்டும் தம்பி. முகத்தைக்கூட பாக்காம வயித்தைக் கிழிக்கிற டாக்டர்கிட்ட போவீங்களா? வீட்டுக்கும் மொதல்ல வெளியில இருந்துதான் பாக்கணும்."

அப்புறம் உள்ளே வந்து, "ஒரு தீப்பெட்டி குடுங்க" என்றார். கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? சிகரெட் பிடிக்கப்போகிறாரோ என்று அம்மா முகத்தைச் சுளித்தாள். அவரோ ஸ்டூலில் ஏறி, விரிசலுக்குள் ஒரு குச்சியைச் செருகினார். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. நாலாவது நுழையவில்லை.

"மூணு குச்சி. ஒரு குச்சி கனம் சுமாரா 2 மில்லிமீட்டர். அப்போ 6 மில்லிமீட்டர்."

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். இங்கிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிலையம் 1981-ல் வெளியிட்ட 'டைஜெஸ்ட் 251' என்ற குறிப்பில், வீட்டுச் சுவர் விரிசல்களை அகலத்தை வைத்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். 1 மில்லிமீட்டர் வரை, வெள்ளையடிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம். 5 வரை, அடைத்துப் பூச வேண்டும். கதவு ஜன்னல் லேசாகப் பிடிக்கும். 5 முதல் 15 வரை, கொத்தித் திறந்து ரிப்பேர் செய்ய வேண்டிய கேஸ். 15 முதல் 25 வரை, சுவரின் சில பகுதிகளையே மாற்றிக் கட்ட வேண்டிவரும். 25-ஐத் தாண்டினால் கட்டடத்தின் நிலைக்கே ஆபத்து.

மாமா அதைக் கோவில்பட்டி பாஷையில் சொன்னார்: "குச்சி நுழையலேன்னா பெயின்ட்டர் சமாச்சாரம். ரெண்டு குச்சி வரைக்கும் கொத்தனார் சமாச்சாரம். மூணுல இருந்து ஏழு வரைக்கும் இன்ஜினீயர் சமாச்சாரம். அதுக்கு மேல ஒவ்வொரு குச்சியும் வயித்தைக் கலக்கும். பன்னிரண்டைத் தாண்டிருச்சுன்னா, ஆளை வெளியேத்திட்டு அப்புறம் பேசணும்."

"அப்போ இடிக்க வேண்டாமா?" என்றேன் ஆவலாக.

"அவசரப்படாதீங்க. அகலம் ஒரு சாட்சிதான். கேஸ் முழுக்க அதை வெச்சு முடிவு பண்ண முடியாது. வளருதா, நிக்குதா? மேல அகலமா, கீழ அகலமா? சுவரோட ரெண்டு பக்கமும் தெரியுதா, பூச்சு மட்டுமா? இதெல்லாம் வேணும்."

எங்கள் விரிசல் இரண்டு பக்கமும் தெரிந்தது. அதனால் பூச்சு விவகாரம் இல்லை, செங்கல்லே பிரிந்திருக்கிறது. கீழே ஒரு குச்சி, மேலே மூன்று குச்சி. மேலே விரிந்து கீழே குறுகினால், சுவரின் கோடி கீழே இறங்குகிறது என்று அர்த்தமாம். தலைகீழாக, கீழே விரிந்து மேலே குறுகினால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறதாம். தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் சாய்ந்திருக்கவில்லை. நான் விட்ட பெருமூச்சில் காலண்டரே ஆடியது.

பிளஸ் டூ மார்க்கும் சுவரும்

மாமா திடீரென்று அம்மாவிடம் திரும்பினார். "ஏம்மா, இது மொத மொதல்ல எப்ப வந்துச்சு?"

அம்மா யோசிக்கவே இல்லை. "இவன் பிளஸ் டூ பாஸான வருஷம். 'உன் மார்க்கைக் கேட்டுத்தாண்டா சுவரு பிளந்துட்டு'ன்னு இவங்க அப்பா சொல்லுவாக."

மனைவியின் முன்னால் இந்தத் தகவல் தேவைதானா? போகட்டும். அந்த வருஷம் 2004.

"பதினாறு வருஷம் சும்மா இருந்த சுவரு, 2004-ல ஏன் பிளக்கணும்? அதுக்கு முந்தி வீட்டைச் சுத்தி என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே மாமா வெளியே போனார். வடகிழக்கு மூலையில், சுவரிலிருந்து இரண்டடி தூரத்தில், சிமெண்ட் மூடி போட்ட ஒரு குழி. மொட்டை மாடித் தண்ணீர் முழுக்கக் குழாய் வழியாக அதற்குள்தான் இறங்குகிறது.

மழைநீர் சேகரிப்புக் குழி! 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனதே, அப்போது நாங்களே ஆள் வைத்து வெட்டியது. குழாய்ச் செலவு மிச்சம் என்று சுவரை ஒட்டியே வெட்டிவிட்டோம்.

"மழைத்தண்ணியைச் சேக்கறது ரொம்ப நல்ல காரியம் தம்பி. வெட்டின இடம்தான் தப்பு. மொட்டை மாடித் தண்ணி மொத்தத்தையும் நேரா அஸ்திவாரத்துக்கு ஊத்திக் குடுத்திருக்கீங்க. அதுவும் கரிசல்ல!"

பரோட்டாவும் சால்னாவும்

கரிசல் மண்ணின் குணம் நமக்குப் புதிதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஆட்டின் கால் இறங்குகிற அளவுக்கு வாயைப் பிளக்கும். மழை விழுந்தால் வெடிப்பெல்லாம் மூடி, மண் பொங்கி எழுந்து செருப்போடு கூடவே வரும். மேல் மண் வெடிப்பில் விழுந்து, அடிமண் மேலே வந்து... தன்னைத்தானே உழுதுகொள்கிற மண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பருத்திக்கு அது வரம். செங்கல் சுவருக்கு?

இதற்குக் காரணம் மண்ணில் இருக்கிற ஒரு களிமண் வகை. பெயர் மான்ட்மோரில்லோனைட். பிரான்ஸில் மான்ட்மோரில்லோன் என்ற ஊரில் கிடைத்ததால் அந்தப் பெயர். நான் வாயில் நுழையாமல் தவித்ததைப் பார்த்து மாமா சொன்னார்: "பேரை விடுங்க. பரோட்டான்னு வெச்சுக்கங்க. அடுக்கடுக்கா, ஒண்ணு மேல ஒண்ணு மெல்லிசாத் தகடு. சால்னா ஊத்தினா என்ன ஆகும்? இடுக்குல எல்லாம் புகுந்து பரோட்டா உப்பி எந்திரிக்கும். காய்ஞ்சா சுருங்கி வறட்டி மாதிரி ஆயிரும். இந்த மண்ணு கதையும் அதேதான். தகடுகளுக்கு நடுவுல தண்ணி புகுந்தா உப்பும். தண்ணி போனா சுருங்கும்."

வீட்டுக்கு நடுவில் இருக்கிற மண்ணுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அது பாட்டுக்கு ஒரே ஈரத்தில் கிடக்கிறது. ஓரத்து மண்தான் கோடையில் சுருங்கி, மழையில் உப்பி, வருஷா வருஷம் ஏறி இறங்குகிறது. எங்கள் வடகிழக்கு மூலைக்கு டபுள் தண்டனை. கோடையில் வேப்பமரத்து வேர் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும், மூலை இறங்கும். மழைக்காலத்தில் குழித் தண்ணீர் அங்கேயே உட்காரும், மூலை ஏறும். 2022 மழையில் விரிசல் மூடியதைப் பார்த்து நான் குணமாகிவிட்டதாக நினைத்தேனே, அது சுவர் குணமானதில்லை. மண் உப்பி மூலையைத் தூக்கிவிட்டிருக்கிறது!

மேஸ்திரியின் பட்டி ஏன் நிற்கவில்லை என்பதும் புரிந்தது. ஏறி இறங்குகிற சுவரில் கெட்டியான சிமெண்டை அடைத்தால், அடுத்த கோடையில் அது பிளக்கும். இல்லையென்றால் பக்கத்தில் புதிதாக ஒரு விரிசல் போடும். இருபது வருஷம் நாங்கள் காய்ச்சலைப் பார்க்காமல், தெர்மாமீட்டரையே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அப்போ மரத்தை வெட்டிரணுமா?" அம்மாவின் குரல் கம்மியிருந்தது.

"வெட்டாதீங்கம்மா! வீட்டுக்கு முந்தியே நின்ன மரம் இது. அது உறிஞ்சுன மண்ணு மேலதான் வீடே உக்காந்திருக்கு. ஒரேயடியா வெட்டிட்டா, அத்தனை நாளு காய்ஞ்ச மண்ணுல ஈரம் சேந்து உப்பி, சுவரைக் கீழ இருந்து தூக்கிரும். வருஷா வருஷம் கிளையை அளவாக் கழிச்சு விடுங்க. இலை குறைஞ்சா தண்ணி குடிக்கிறதும் குறையும்."

அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டாவது காபி கேட்காமலே வந்தது.

நம்ம ஊர் மட்டுமா?

கோவில்பட்டிக்காரன் என்பதால் நமக்கு மட்டும்தான் இந்த விதியோ என்று நினைத்தேன். இல்லையாம். அமெரிக்காவில் 1973-ல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரண்டு நிபுணர்கள் கணக்குப் போட்டு அந்த நாட்டையே அதிர வைத்தார்கள். வெள்ளம், புயல், சூறாவளி, பூகம்பம் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் செய்கிற சேதத்தைவிட, உப்பிச் சுருங்கும் மண் செய்கிற சேதம் அதிகம் என்றார்கள். சத்தம் போடாமல் செய்வதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தில் 1976-ல் கடும் வறட்சி வந்தபோது, களிமண் பூமியில் இருந்த வீடுகள் வரிசையாக விரிசல் விட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வாசலில் கூட்டம். லண்டன் துரையும் காலண்டர் மாட்டித்தான் மறைத்தாரோ என்னவோ!

நம் நாட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், கரிசல் பூமிக்கென்றே 'அண்டர்ரீம்டு பைல்' முறையை உருவாக்கியது. மூன்றரை, நாலு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, அடியில் மட்டும் குடம் மாதிரி அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். குடத்தின் விட்டம் துளையைப் போல இரண்டரை மடங்கு. மேல் மண் ஏறட்டும், இறங்கட்டும். வெயில் மழை எட்டாத ஆழத்தில் குடம் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே ஓடுகிற பீமுக்கும் தரைக்கும் நடுவே மூன்று அங்குலம் காலி இடம் விடுவார்கள், மண் உப்பினாலும் பீமை முட்டக்கூடாது என்று. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே.கட்டி இன்னொரு வழி சொன்னார். கரிசலைக் கொஞ்சம் தோண்டியெடுத்துவிட்டு, உப்பாத ஒட்டு மண்ணை சுமார் ஒரு மீட்டர் கனத்துக்குக் கெட்டித்துப் போட்டு அதன்மேல் கட்டுவது.

"கட்டறதுக்கு முந்தி மண்ணைப் பாக்கறதுக்குச் செலவே கிடையாது" என்று மாமா ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குழாய். சலித்துக் காயவைத்த மண் பத்துப் பத்து கிராம். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மண்ணெண்ணெயில் இந்த மண் உப்பாது. தண்ணீரில் உப்பும். மண்ணெண்ணெயில் நிற்கிற அளவைப் போலத் தண்ணீரில் ஒன்றரை மடங்குக்குக் குறைவென்றால் பயமில்லை. இரண்டு மடங்கைத் தாண்டினால் உஷார். இந்திய தரக் கட்டுப்பாட்டு விதியிலேயே இருக்கிற சோதனை இது. எங்கள் வீட்டு மண் மறுநாள் காலையில் இரண்டு மடங்கைத் தாண்டி நின்றது. பெண்ணுக்கு ஒரே குஷி, ஸ்கூல் புராஜெக்டுக்கு ஆச்சென்று.

காத்திருப்பு

"சரி சார், நாளைக்கே வேலையை ஆரம்பிச்சுடலாமா?" என்றேன்.

"அடைக்கிற வேலை கடைசி வேலை தம்பி. மொதல்ல தண்ணியை நிறுத்தணும். அப்புறம் ஒரு மழை, ஒரு கோடை பாக்கணும்."

விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினார். பக்கத்தில் பென்சிலால் தேதி. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அது ஆனி முடிவதற்குள் 'டிக்' என்று உடைந்தது. மாதம் ஒருதரம் குச்சி செருகிப் பார்த்து, தேதி எழுதி, செல்போனில் போட்டோ எடுத்துவைப்பது என் டியூட்டி.

செப்டம்பரில் பழைய குழியை மூடி, மண்ணை நன்றாகக் கெட்டித்தோம். மாடித் தண்ணீரைக் குழாய் மூலம் காம்பவுண்டின் கோடிக்கு, வீட்டைவிட்டு ரொம்பத் தள்ளிக் கொண்டுபோய்ப் புதுக் குழியில் விட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் விரிசல் மெதுவாக ஒன்றரைக் குச்சிக்கு வந்தது. புதுக் கண்ணாடி ஒட்டினேன்.

அப்புறம்தான் வந்தது அந்தப் பரீட்சை. 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை முக்கியெடுத்த மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! கோவில்பட்டியிலும் விடாமல் கொட்டியது. கரண்ட் இல்லை. திண்ணையில் சாரல் என்று அம்மாவும் உள்ளே வந்துவிட்டாள். ராத்திரி முழுக்க டார்ச் லைட்டை அந்தக் கண்ணாடித் துண்டின் மேல் அடித்துக்கொண்டு, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சினிமாவில்கூட நான் அப்படிக் கண்ணிமைக்காமல் பார்த்ததில்லை.

விடிந்தது. கண்ணாடி உடையவில்லை.

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் மாமாவிடம் சொன்னேன். "மேலோட்டமா ஓடிப்போற தண்ணி கரிசலுக்குள்ள சீக்கிரம் இறங்காது தம்பி. அஸ்திவாரத்து ஓரமாத் தேங்கி உக்காந்திருக்க தண்ணிதான் எதிரி. நீங்க அதைத் துரத்திட்டீங்க" என்றார்.

தை மாதம், மண் ரொம்பக் காயாமலும் ரொம்ப ஈரமாக இல்லாமலும் இருந்தபோது, வீட்டைச் சுற்றி நாலடி அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டோம். தண்ணீர் வெளிப்பக்கமாக ஓட வேண்டும், சுவரோரம் நிற்கக்கூடாது. வேப்பமரத்தில் கிளை கழித்தோம். 2024 கோடையில் விரிசல் ஒரு குச்சிக்கு மேல் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மேஸ்திரிக்கு அழைப்பு! மாமா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல வேலை நடந்தது. விரிசலை 'வி' வடிவத்தில் கொத்தித் திறந்து, தூசி போகக் கழுவினார்கள். நாலு வரிசைக்கு ஒன்றாகச் செங்கல் இணைப்பைக் கீறி, குறுக்கே துருப்பிடிக்காத கம்பி வைத்துத் தையல் போட்டார்கள். உள்ளே இழுபடுகிற சீலன்ட். அதன்மேல் இரண்டு பக்கமும் அரையடி ஏறும்படி கோழிவலை அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூச்சு. வெளிச்சுவருக்கு இழுபடும் தன்மையுள்ள பெயின்ட். எல்லாம் சேர்த்து, குழி மாற்றியது, தளம் போட்டது உட்பட, அறுபதாயிரத்துச் சொச்சம் ஆனது.

எட்டு லட்சம் எங்கே, இது எங்கே! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டுக்கும் அறுபதாயிரத்தில் முடியாது. சில வீடுகளுக்கு அஸ்திவாரத்துக்கு அடியில் துண்டு துண்டாகத் தோண்டிக் கான்கிரீட் கொடுக்க வேண்டிவரும். சிலவற்றை இடிக்கத்தான் வேண்டும். எது எந்த வீடு என்று பார்க்காமலே சொல்லிவிடுகிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு மெடிக்கல் செக்கப்

மாமா கொடுத்த லிஸ்ட் இது. வெட்டி பீரோவில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

* வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரையில் ஒன்று, மார்கழியில் ஒன்று, வீட்டை வெளியே சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தக் குழாய் ஒழுகுகிறது, செப்டிக் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள்.

* விரிசலுக்குப் பக்கத்தில் தேதியும் குச்சிக் கணக்கும் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள்.

* பூச்சைத் தட்டிப் பாருங்கள். 'பொத் பொத்' என்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. அடைப்பதில் பிரயோஜனமில்லை, கொத்திவிட்டுப் பூச வேண்டும்.

* தூண், பீம், கூரைத் தளத்தில் கம்பி ஓடுகிற போக்கிலேயே நீளமாக விரிசலோ, துருக் கறையோ தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். துருப்பிடித்த இரும்பு பல மடங்கு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். மேலே பூசி மறைத்தால் உள்ளே நோய் வளரும்.

* நேற்றுவரை மூடிய கதவு திடீரென்று பிடித்தால், எண்ணெய் விடுவதற்கு முன் நிலைக்கு மேலே சுவரைப் பாருங்கள்.

* விரிசல் வாரத்துக்கு வாரம் வளர்ந்தால், சுவர் தூக்குக்குண்டுக்கு விலகினால், கூரைப் பூச்சு வயிறு தள்ளினால், குச்சியும் கண்ணாடியும் வேண்டாம். அன்றைக்கே கட்டடப் பொறியாளர்.

* புது வீடு கட்டுகிற தம்பிகளே, டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் மண் பரிசோதனைக்குப் போங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பார்கள். வீடு நிற்கப்போவது மண்ணில்!

ஃபீஸ் எவ்வளவு என்று மாமாவிடம் கேட்டேன். ஒரு கிலோ கடலைமிட்டாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். புரோக்கர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். அம்மாவே வாசலுக்குப் போய், "வீடு எங்க இருக்கோ அங்கனயே இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

2024 தீபாவளிக்கு முந்தின ராத்திரி, அம்மா திண்ணையில் இருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜன்னலுக்குக் கீழே, பழைய இடத்திலேயே விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அண்டர்ரீம்டு பைல் என்றால் என்ன, மான்ட்மோரில்லோனைட்டுக்கும் பரோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்றெல்லாம், வந்திருந்த தம்பிக்கு மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்:

"ஏலே, சுவரு வாயை மூடிட்டு. நீ எப்ப மூடப்போற?"